அணையாக் காந்தம்: மீக்கடத்தலும் தமிழ்ச் சொற்களும்



ஒலியனையும் உருபனையும் எண்ணிக்கொண்டு வாழ்நாளைக் கழித்த ஒருவன் காந்தத்தைப் பற்றி என்ன பேசப்போகிறான் என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர்கள் சிலர் வினவினர். நியாயமான வினா. நான் இயற்பியலன் அல்லன். ஒரு மருத்துவமனை வாயிலில் என் தமிழ் எனக்குக் கைகொடுக்காமல் போன ஒரு நாளிலிருந்து இந்தப் பேச்சு தொடங்குகிறது. அன்று ஏற்பட்ட வெட்கமே என்னை இத்துறையின் நூல்களைப் படிக்க வைத்தது.

என் சின்னம்மா கூலிமை அடுத்த ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இடுப்பு வலிக்காக அவருக்கு எம்ஆர்ஐ படம் எடுக்கவேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். மருத்துவமனையின் பெயர் இங்குத் தேவையில்லை. வினாப் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மொழிபெயர்க்க நான் இருக்கிறேன் என்று பெருமையோடு முன்வந்தேன். "உடலில் உலோகம் ஏதேனும் பொருத்தப்பட்டுள்ளதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் சின்னம்மா. நான் 'இல்லை' என்னும் கட்டத்தில் குறியிட்டேன். உடைமாற்றும்போது அவரது தொடையிலிருந்த நீண்ட தழும்பைக் கண்ட தாதிதான் ஐயுற்று, கையால் தொட்டுக்காட்டி மீண்டும் கேட்கச் சொன்னார். "அதுவா? அங்க கம்பி வச்சிருக்காங்க. லாரியில இருந்து விழுந்தப்ப வச்சது" என்றார் சின்னம்மா. அவருக்கு அது கம்பி. 'உலோகம்' என்பது அவர் பேசும் தமிழில் இல்லாத சொல். முனைவர் பட்டம் பெற்ற நான் கேட்ட கேள்வி அவரைச் சென்று சேரவே இல்லை.

அன்றே இன்னொன்றும் நடந்தது. கம்பி என்ன வகை என்று பழைய பதிவேடுகளில் பார்த்துவரும்வரை காத்திருந்தோம். அந்த அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை, ஓசையும் இல்லை. என் தம்பி மகன் பணியாளரிடம் ஏதோ கேட்டான். அவர் "பெலும் மூலா லாகி" என்றார். இன்னும் தொடங்கவில்லை என்பது பொருள். அவர் சொன்னது படமெடுப்பதைப் பற்றி. இவனோ இயந்திரமே ஓடவில்லை என்று புரிந்துகொண்டு, இரும்புச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கதவுப் பக்கம் போனான். தாதி ஒருவர் குறுக்கே கைநீட்டி மறித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் மும்பையின் ஒரு மருத்துவமனையில் இதே போன்ற ஓர் அறைக்குள் ஆக்சிஜன் உருளையோடு சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். இயந்திரம் ஓடவில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டதாகவே உறவினர்கள் கூறினர்.

வீடு திரும்பும் வழியில் சின்னம்மா கேட்டார்: "அந்தக் காந்தத்த எப்பத்தான் அணைப்பாங்க?" அணைப்பதே இல்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அவருக்கு நான் பின்னர்ச் சொன்ன விடையையே இன்று உங்கள் முன் சற்று விரித்துச் சொல்கிறேன்.

செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்னோட்டம் பாய்ச்சினால் அது காந்தமாகும் என்பதை ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். மின்னோட்டத்தை நிறுத்தினால் காந்தமும் மறையும். 'அணைத்தல்' என்னும் வினை அங்குப் பொருந்தும். ஆனால் செம்பு எவ்வளவு தூயதாயினும் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும், தடுத்தால் சூடேறும். எம்ஆர்ஐ கருவியில் வழக்கமாகத் தேவைப்படும் 1.5 டெஸ்லா என்பது புவியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேற்பட்டது. ஓர் ஆளைப் படுக்கவைக்கும் அளவு அகன்ற குழாய்க்குள் அத்தகைய புலத்தைச் செம்புச் சுருளால் இடையறாது நிறுத்திவைப்பதற்கு ஆகும் மின்சாரமும், அச்சூட்டைத் தணிக்க வேண்டிய நீரும் மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகா.

இதற்குத் தீர்வு நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பிறந்தது. ஹைக்கே காமர்லிங் ஓனஸ் என்பவர் 1908 ஜூலை 10 அன்று ஹீலிய வளியை முதன்முதலாக நீர்மமாக்கினார். அது கொதிப்பது சுழிக்குக் கீழ் 269 பாகை செல்சியசில். தனிவெப்ப அளவில் 4.2 கெல்வின். 1911 ஏப்ரலில் அவரது ஆய்வகம் அக்குளிரில் பாதரசத்தின் மின்தடையை அளந்தது. தடை குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தனர். அது அளக்கவியலாதவாறு மறைந்தே போயிருந்தது.

இதைத் தமிழ்ப் பாடநூல்கள் மீக்கடத்துதிறன் என்றும், அவ்வியல்புடைய பொருளை மீக்கடத்தி என்றும் வழங்குகின்றன. கடத்தி, குறைக்கடத்தி, மீக்கடத்தி என்று வரிசை அழகாக அமைகிறது. நம் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்ட நாள்முதல் பால்மரம் வெட்டியோரின் பிள்ளைகள் பலர் அங்குக் குறைக்கடத்தித் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர் என்பதால், இவ்வரிசையின் நடுச்சொல் நமக்கு அயலானதன்று. (கடத்தி என்றதும் நாளிதழ்ச் செய்திகளில் வரும் கடத்தல்காரர் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது, மாணவர் சிரிக்கட்டும், சொல் மனத்தில் தங்கும்.)

ஆயினும் 'மீ' என்னும் முன்னொட்டில் ஒரு குறை உண்டு. மேல், மிகுதி என்னும் பொருளைத் தருவதால், செம்பைவிடச் சற்று நன்றாகக் கடத்துவது மீக்கடத்தி என்று மாணவன் எண்ணிவிடுகிறான். உண்மை வேறு. அன்றாட வாழ்வில் மிகச் சிறந்த கடத்திகளான வெள்ளியும் செம்பும் மீக்கடத்திகள் ஆவதில்லை. கடத்துவதில் அவற்றைவிடத் தாழ்ந்த பாதரசமும் ஈயமும் ஆகின்றன. இதில் அளவு வேறுபாடு இல்லை, நிலையே வேறு. நீர் பனிக்கட்டியாவது போன்றதொரு நிலைமாற்றம் அது. இக்குறையோடே அச்சொல் நிலைபெற்றுவிட்டது. மாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பில் இரண்டு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

ஈயம் என்றதும் ஒரு கிளைச் செய்தி. தமிழில் ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொது: காரீயம், வெள்ளீயம். மலேசியத் தமிழர் ஈயம் என்று அடைமொழியின்றிச் சொன்னால் அது வெள்ளீயமே. கூலிம் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டியதும் அதைத்தான். இரண்டுமே மீக்கடத்திகள். காரீயம் 7.2 கெல்வினிலும், வெள்ளீயம் 3.7 கெல்வினிலும் அந்நிலையை அடைகின்றன.

ஹீலியம் என்னும் பெயருக்கும் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை இந்தியாவின் ஊடே வந்து தாய் நாட்டைக் கடந்தது. குண்டூரில் ஜான்சென் என்னும் பிரெஞ்சியரும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வான்காட்சியகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்து நோக்கினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் லாக்கியர் அவ்வொளியின் மஞ்சட் கோட்டை ஆராய்ந்து, புவியில் அறியப்படாத தனிமம் ஒன்று என முடிவுசெய்தார். கிரேக்கத்தில் கதிரவனுக்குரிய பெயரால் அது ஹீலியம் ஆயிற்று. அதே கிரகணத்தைக் காண அந்நாளைய சயாம் மன்னர் மோங்குட் வா கோ என்னும் ஊரில் முகாமிட்டிருந்தார். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டும் விருந்தினராகச் சென்றிருந்தார். கெடா அன்று சயாமின் மேலாண்மையில் இருந்தது. நம் முன்னோர் சிலர் அன்று இம்மண்ணிலிருந்து பாதி மறைந்த கதிரவனைக் கண்டிருக்கக்கூடும். அங்கு முகாமிட்ட மன்னர் காய்ச்சல் கண்டு அக்டோபர் முதல் நாள் மறைந்தார் என்பது அக்கதையின் துயர முடிவு.

இனி காந்தத்துக்கு வருவோம். தடையே இல்லாத கம்பி கிடைத்தவுடன் வலிய காந்தம் செய்துவிடலாம் என்று ஓனஸ் எண்ணினார். முடியவில்லை. ஈயக் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை ஏற்றியதும், அது தானே உண்டாக்கிய காந்தப்புலமே அதன் மீக்கடத்து நிலையைக் குலைத்துவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தக் கனவு கிடப்பில் கிடந்தது. 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லரும் உடனுழைத்தோரும் நியோபியமும் வெள்ளீயமும் கலந்த சேர்மம் 8.8 டெஸ்லாப் புலத்திலும் மீக்கடத்து நிலையில் நிற்பதைக் கண்டனர். அதையடுத்து நியோபியம்-டைட்டானியக் கலவை வந்தது. இன்றைய மருத்துவமனைக் காந்தங்களுள் பெரும்பாலானவை இதனால் ஆனவை. நொறுங்காத கலவை ஆதலின் கம்பியாக இழுக்கலாம். மயிரிழையினும் மெல்லிய இழைகளாகச் செம்புக்குள் பொதியலாம்.

அப்படிப் பல கிலோமீட்டர் கம்பியைச் சுருளாக்கி, நீர்ம ஹீலியத்தில் அமிழ்த்தி, ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றி, சுருளின் இரு முனைகளையும் மீக்கடத்தியாலேயே இணைத்து வட்டத்தை மூடிவிடுகின்றனர். பின்னர் வெளியிலிருந்து வரும் மின்கம்பியைக் கழற்றிவிடலாம். தடை இல்லாததால் ஓட்டம் தேயாது. ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் காந்தத்துக்கு விசை இல்லை. மின்வெட்டு வந்தாலும், பணியாளர் வீடு சென்றாலும், அறை இருண்டிருந்தாலும் அது இழுத்துக்கொண்டிருக்கிறது. 'ஓடுகிறது', 'தொடங்கவில்லை', 'நிறுத்திவிட்டோம்' என்னும் நம் வினைச்சொற்கள் எல்லாம் படமெடுக்கும் ஓசையைச் சுட்டுவன. காந்தத்தைச் சுட்டும் வினை நம்மிடம் இல்லை. என் தம்பி மகன் ஏமாந்தது இந்த இடைவெளியில்தான்.

இத்தகைய காந்தத்தை வடிவமைப்போர் அஞ்சுவது ஒன்றே: எங்கோ ஒரு புள்ளியில் கம்பி தன் மீக்கடத்து நிலையை இழப்பது. கடுங்குளிரில் பொருள்களின் வெப்பக் கொள்ளளவு அறைவெப்பத்தில் உள்ளதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஆகையால், சுருளில் ஓர் இழை மயிரளவு நகர்ந்து உராய்ந்தாலும் அந்த இடம் சட்டெனச் சூடேறும். அங்குத் தடை தோன்றும். தடையால் மேலும் சூடேறும். சூடு அடுத்த பகுதிக்குப் பரவும். நொடிப்பொழுதில் சுருள் முழுதும் சாதாரணக் கம்பியாகிவிடும். காந்தத்தில் தேங்கியிருந்த ஆற்றல் அனைத்தும் வெப்பமாக மாறும். ஒரு லிட்டர் நீர்ம ஹீலியம் ஏறத்தாழ 700 லிட்டர் வளியாகப் பொங்கும். அது கூரைக்கு மேல் செல்லும் குழாய் வழியே வெளியேறவேண்டும். அறைக்குள் கசிந்தால் மூச்சுவிடும் காற்றை அகற்றிவிடும்.

இந்நிகழ்வுக்கு ஆங்கிலத்தார் வைத்த பெயர் 'குவென்ச்'. கொல்லன் பழுக்கக் காய்ந்த இரும்பை நீரில் தோய்த்தலும், தாகம் தணித்தலும், நெருப்பை அவித்தலும் அச்சொல்லால் குறிக்கப்படும். எனவே தமிழில் 'தணிப்பு' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். அப்படிச் செய்த ஒரு வரைவையும் பார்த்தேன். அது கேட்டை விளைவிக்கும் மொழிபெயர்ப்பு. தணிப்பு என்றால் சூடு குறைகிறது, ஆபத்து நீங்குகிறது என்றே தமிழன் கொள்வான். நடப்பதோ நேர்மாறு: குளிர்ந்திருந்தது சூடேறுகிறது. அணைவது மீக்கடத்து நிலை; வளர்வது வெப்பம். ஆங்கிலச் சொல்லே குழப்பமானது. அக்குழப்பத்தை நாமும் இறக்குமதி செய்யவேண்டியதில்லை.

சின்னம்மாவிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, "பால் திரியிற மாதிரியா?" என்று கேட்டார். நான் சற்று நேரம் வாயடைத்துப் போனேன். அடுப்பில் வைத்த பாலில் ஓரிடத்தில் தொடங்கும் திரிபு கணத்தில் சட்டி முழுதும் பரவுகிறது. பிறகு அதைப் பாலாக மீட்க முடிவதில்லை. காந்தத்தை மீண்டும் குளிர்வித்து மீட்கலாம் என்பது மட்டுமே வேறுபாடு. திரிதல் என்பது புணர்ச்சி விகாரங்கள் மூன்றனுள் ஒன்று என்று நாற்பது ஆண்டு வகுப்பில் சொல்லிவந்தவன் நான். அச்சொல் எனக்குத் தோன்றவில்லை. 'நிலைதிரிவு' என்பதை இம்மன்றத்தின் ஆய்வுக்கு முன்வைக்கிறேன். 'முறிவு' எனலாமே என்று ஓர் அன்பர் கூறினார். முறிவு என்றால் கம்பி ஒடிந்தது என்று பொருள்படும். கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை.

இன்னொரு சொல், 'டிரெய்னிங்'. இதைப் புரிந்துகொள்ள ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்துக்குப் போகவேண்டும். அங்கு 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடி வளையத்தில் 1232 இருமுனைக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் உடையவை, 1.9 கெல்வின் குளிரில் 8.33 டெஸ்லாப் புலத்தைத் தாங்குகின்றன. அப்புலத்தில் சுருளைப் பிளந்து தள்ளும் விசை ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 400 டன். புதிதாகச் செய்த காந்தத்தில் மின்னோட்டத்தை ஏற்றினால், குறித்த அளவை எட்டுமுன்பே எங்கோ ஓர் இழை நகர்ந்து நிலைதிரியும். மீண்டும் குளிர்வித்து ஏற்றுவர். நகர்ந்த இழை இப்போது தனக்குரிய இடத்தில் பொருந்திவிட்டதால், இம்முறை சற்றுக் கூடுதலான அளவில் திரியும். மீண்டும் குளிர்விப்பர். இப்படிப் படிப்படியாகக் காந்தம் தன் விசைக்குத் தானே பழகுகிறது.

இதைப் 'பயிற்சி' என்று எழுதினால், நம் மாணவர்க்குப் பாடநூலின் இறுதியில் வரும் வினாக்களே நினைவுக்கு வரும். உழவரிடம் வேறு சொல் இருக்கிறது: வசக்குதல். இளங்காளையை நுகத்தில் பூட்டி, திமிறித் திமிறி அடங்கச் செய்வது வசக்குதல். காந்தம் செய்வதும் அதுவே. அந்த ஒப்புமை இன்னும் ஒரு படி செல்கிறது. வசக்கிய காந்தத்தை அறைவெப்பத்துக்குக் கொண்டுவந்து, பின்னர் மீண்டும் குளிர்வித்தால் அது பழகியதை நினைவில் வைத்திருக்கவேண்டும். செர்னின் காந்தங்கள் சில மறந்துவிட்டன. சுரங்கத்தில் பொருத்திய பிறகு அவற்றை மறுபடி வசக்கவேண்டியதாயிற்று. அவ்வளையம் வடிவமைத்த முழு ஆற்றலுக்குக் கீழேயே ஆண்டுக்கணக்கில் இயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வசக்குதலில் இந்தியர் பங்கு பெரிது. அது தமிழ் இதழ்களில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் குறை. இந்தூர் நகரில் உள்ள மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 1800 சிறு மீக்கடத்துத் திருத்தக் காந்தங்கள் செய்து அனுப்பப்பட்டன. பெரிய இருமுனைக் காந்தங்களைத் துல்லியமாக நிலைநிறுத்தும் தாங்கிகளும் இந்தியாவிலிருந்தே சென்றன. ஒரு காந்தத்துக்கு மூன்று தாங்கிகள். இவற்றினும் முதன்மையாக நான் கருதுவது ஆட்களை. செர்னின் எஸ்எம்18 என்னும் கூடத்தில் 12 சோதனை மேடைகள் இரவும் பகலும் முறைவைத்து இயங்கின. 2002 முதல் சில ஆண்டுகள், இந்திய அணுசக்தித் துறையின் நிறுவனங்களிலிருந்து பொறியாளர்கள் குழுகுழுவாகச் சென்று, ஓராண்டு தங்கி, அம்மேடைகளில் காந்தங்களைக் குளிர்வித்து, ஏற்றி, திரிய விட்டு, குறித்துவைத்து, அடுத்த குழுவிடம் ஒப்படைத்துத் திரும்பினர். தோட்டத்தில் பெரட்டுக்குப் போய் வந்த நமக்கு அந்த முறைவேலையின் சலிப்பும் ஒழுங்கும் புரியும்.

அத்தனை சோதனைக்குப் பின்னும் 2008 செப்டம்பர் 19 அன்று அவ்வளையம் பழுதுற்றது. காந்தங்களில் குறை இல்லை. இரு காந்தங்களை இணைத்த பற்றவைப்பு ஒன்றில் குறை. அங்கு ஓர் ஓமின் நூறு கோடியில் ஏறத்தாழ இருநூறு பங்கு தடை இருந்தது. அதனால் எழுந்த வெப்பம் ஓர் இரவு விளக்கின் அளவுதான். அதுவே போதுமானதாயிற்று. இணைப்பு உருகி மின்வில் தோன்றி, ஹீலியக் கலத்தைத் துளைத்தது. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களை மேலே கொண்டுவந்து பழுதுபார்க்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு காந்தமும் தனித்தனியே மேடையில் சோதிக்கப்பட்டது. இணைப்புகளைச் சுரங்கத்துக்குள் இணைத்த பிறகுதான் சோதிக்க இயலும். சொல்லைத் தனியே ஆய்ந்து, புணர்ச்சியை மறந்துவிடும் என் துறையினரின் வழக்கத்தை அது எனக்கு நினைவூட்டியது.

ஹீலியம் எளிதில் கிடைப்பதன்று. பாறைகளிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பல கோடி ஆண்டுகளில் உண்டாகி, இயற்கை எரிவளியோடு தேங்கிக் கிடப்பது. அமெரிக்காவும் கட்டாரும் பெருமளவு தருகின்றன. காவிரிப் படுகையின் எரிவளியிலும் சிறிதளவு, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, இருக்கிறது. மயிலாடுதுறைக்கு அருகே குத்தாலத்தில் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்தார் அதைப் பிரித்தெடுக்கும் முன்னோட்ட நிலையம் ஒன்றை அமைத்தனர். நம் பாட்டன் பாட்டியர் பலர் கப்பலேறிய மாவட்டங்களின் அடிநிலத்தில் அந்த வளி இருக்கிறது. ஒருமுறை மருத்துவமனைக் காந்தம் திரிந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட ஹீலியம் கூரை வழியே போய்விடலாம். அதனாலேயே, யாரும் சிக்கிக்கொள்ளாதவரை அந்த அவசரப் பொத்தானைத் தொழில்நுட்பர் தொடுவதில்லை.

2003-ஆம் ஆண்டு முதல் சில காலம் நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது. பின்னர்த் தமிழுக்குத் திரும்பியது. இருமொழித் திட்டத்தால் இன்றும் அவ்வழக்கு ஓயவில்லை. அந்த வழக்கில் நான் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். 'உலோகப் பொருத்தல்' என்று எழுதிவிட்டுத் தமிழில் எழுதிவிட்டோம் என்று நாம் அமைதி கொள்கிறோம். படிப்பவர் யார் என்று கேட்பதில்லை.

ஒரு சிறு பக்கத் தாளைத் தமிழில் எழுதி, சின்னம்மாவிடமும் அவரோடு வேலைசெய்த நால்வரிடமும் படித்துக் காட்டினேன். மூன்று முறை திருத்தினார்கள். 'உலோகம்' போய், 'கம்பி, ஆணி, தகடு, திருகு, இதயத்துக்கு வைத்த பெட்டி, நெஞ்சுக் குழாயில் வைத்த வலை, கண்ணில் தெறித்த இரும்புத் தூள்' என்று வந்தது. கடைசியாகச் சொன்னது நான் எதிர்பாராதது. பட்டறையில் இரும்பு அறுத்தவர்களைக் கட்டாயம் கேளுங்கள் என்றார் ஒருவர். மருத்துவமனைப் படிவத்திலும் அவ்வினா உண்டு என்று பின்னர்த்தான் கண்டேன். 'காந்தம் எப்போதும் செயல்நிலையில் உள்ளது' என்னும் என் வாக்கியத்தைச் சின்னம்மா ஏற்கவில்லை. "அது தூங்காதுன்னு எழுது தம்பி. சத்தம் இல்லன்னாலும் இழுக்கும்னு எழுது" என்றார். அப்படியே எழுதினேன்.

தாளை அந்த மருத்துவமனையில் கொடுத்திருக்கிறேன். இன்னும் விடை வரவில்லை. படிகள் ஐம்பது கொண்டுவந்துள்ளேன். வாயிலருகே மேசையில் இருக்கின்றன. எடுத்துச் சென்று வீட்டிலுள்ள மூத்தோரிடம் படித்துக் காட்டுங்கள். விளங்காத சொல்லைக் கோடிட்டு மன்றத்துக்கு அனுப்புங்கள். 'நிலைதிரிவு' குறித்தும் எழுதுங்கள். கொல்லுப்பட்டறையில் வேலைசெய்த பெரியவர் எவரேனும் இவ்வவையில் இருந்தால், இரும்பை நீரில் தோய்ப்பதற்கு அவர் வழங்கும் சொல் என்ன என்பதைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.